இராயனுக்குரியது எது? – வாசகர் கேள்வி பதில்

இராயனுடையதை (அதாவது அரசுக்குரியதை) இராயனுக்கும், தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்தச் சொன்னார் இயேசு. அதைப் பற்றிச் சுதந்திர தினத்தை ஒட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம். பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். சில கேள்விகளைப் படித்தால் காரணம் புரியும்.

எங்கள் ஆலய வளாகத்தில் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற வாலிபர் சங்கத்தார் விரும்புகிறார்கள். மூப்பர் ஒருவர், "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது, இங்கே எதற்குக் கொடி?" என்கிறார். ஏற்றலாமா? முறை என்ன?
– வாசகர், நாசரேத்

ஏற்றலாம். அந்த வசனத்தை (பிலிப்பியர் 3:20) எழுதிய பவுல், அதே பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிபட்டுச் சிறையில் கிடந்தவர். மறுநாள் காலையில் "சத்தமில்லாமல் போய்விடு" என்று ஆள் அனுப்பியபோது, "நாங்கள் ரோமர், அடித்தவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார் (அப்போஸ்தலர் 16:37). பரலோகக் குடியுரிமை மேலானது என்று போதித்தவர், பூமியில் தமக்கிருந்த குடியுரிமையைத் தேவைப்பட்ட இடத்தில் எடுத்து நீட்டத் தயங்கவில்லை. மூப்பர் ஐயாவிடம் இரண்டு பகுதிகளையும் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள்.

முறையைப் பற்றி 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. நீள அகலம் 3:2. ஆலய வளாகத்துக்கு 900 × 600 மில்லிமீட்டர் கொடி போதும். கைத்தறியில் நெய்ததுதான் வேண்டும் என்ற கட்டாயம் 2021 டிசம்பர் திருத்தத்தோடு போய்விட்டது, பாலியஸ்டரும் செல்லும். காவி மேலே. ஏற்றும்போது விறுவிறுவென்று, இறக்கும்போது மெதுவாக. கொடிக்குள் பூவிதழ் வைத்துக் கட்டலாம். ஆனால் கம்பத்துக்கு மாலை போடக் கூடாது, உச்சியில் எந்தச் சின்னமும் இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் நம் ஆலயங்கள் தவறிவிடுகின்றன. திருவிழாக் கொடிமரத்தின் உச்சியில் சிலுவை இருக்கும். ஆகஸ்ட் 15 மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவும் என்பதால், கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் அந்த மரத்தில் மாதா கொடி ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும். இருக்கிற கயிறுதானே என்று தேசியக் கொடியையும் அதிலேயே கட்டிவிடக் கூடாது. ஒரே கம்பத்தில் இன்னொரு கொடியோடு அது பறக்கக் கூடாது என்பது விதி. கொடிமரத்தை விட்டு விலகித் தனிக் கம்பம் நடுங்கள். உள்ளே கூட்டம் நடத்தினால் பேசுகிறவரின் வலப்பக்கம் கொடி நிற்கட்டும். பிரசங்க பீடத்தின் மேல் விரிப்பாகப் போடாதீர்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பிள்ளைகள் போட்டுவிட்டுப் போகும் காகிதக் கொடிகளைப் பொறுக்க இரண்டு பேரை முன்கூட்டியே நியமியுங்கள். கிழிந்த கொடியைக் குப்பையில் போடாமல், தனியிடத்தில் முழுதாக எரித்துவிடுவதே முறை.

தேசிய கீதம் பாடுவது விக்கிரக ஆராதனை ஆகுமா?
– வாசகி, ஓசூர்

ஆகாது. சுமார் 52 விநாடி, நேராக நின்று, மரியாதையோடு பாடுங்கள். மனசாட்சி இடம் தராதவர்களுக்கும் இந்த நாட்டில் இடம் உண்டு: கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், கீதம் பாடும்போது எழுந்து நின்றும் வாய் திறக்கவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நின்றதே மரியாதை என்று தீர்ப்பு சொல்லியது. நாம் பாடுகிறோம், பாடாதவரைத் துரோகி என்று சொல்வதில்லை.

ரோமர் 13 அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. அப்படியானால் வெள்ளையரை எதிர்த்தது பாவமா? கிறிஸ்தவர்கள் சுதந்திரப் போராட்டத்தில் இல்லை என்று சக ஊழியர்கள் சொல்லும்போது பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகர், திருச்சி

ரோமர் 13ஐ நான்காம் வசனம் வரைக்குமாவது சேர்த்து வாசிக்க வேண்டும். அதிகாரி "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு" தேவ ஊழியக்காரன். அவன் எதற்காக வைக்கப்பட்டிருக்கிறான் என்று சொல்வது, அவன் அதை மீறும்போது கேள்வி கேட்கும் அளவுகோலையும் கையில் கொடுப்பதுதான். ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்கு எபிரெய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் கீழ்ப்படியவில்லை. ஆலோசனைச் சங்கத்தின் முன் பேதுரு, மனுஷரைவிட தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்றார் (அப்போஸ்தலர் 5:29). இவர்களில் ஒருவரும் ஓடி ஒளியவில்லை, ஆயுதம் எடுக்கவும் இல்லை. பேதுரு மறுப்பை நேராகச் சொல்லி, வந்த தண்டனையையும் ஏற்றார். பிசகுகிற இடம் இதுதான்: நமக்குப் பிடிக்காத ஒவ்வொரு சட்டத்துக்கும் "மனுஷரைவிட தேவனுக்கு" என்று சொல்லிக்கொள்வது. தேவன் கட்டளையிட்டதைத் தடுத்தாலோ, தடுத்ததைச் செய்யச் சொன்னாலோ மட்டுமே அந்த வசனம் நமக்குத் துணை வரும். தலைக்கவசம் போடாததற்கு வராது.

சக ஊழியர்களுக்குச் சொல்லப் பெயர்கள் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கணக்குத் தணிக்கையாளர் வாழ்க்கையை விட்டு காந்தியோடு சேர்ந்து சிறைக்குப் போனார். கிராமக் கைத்தொழில் பொருளாதாரத்துக்கு அறிவு அடித்தளம் போட்டவர் அவர். 1930 தண்டி யாத்திரையில் காந்தியோடு ஆசிரமத்திலிருந்து புறப்பட்டவர்களில் கேரளத்துக் கிறிஸ்தவர் டைட்டஸும் ஒருவர். சேலத்தில் பிறந்த கே.டி. பால் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலர். 1930 வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர்.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு ஜார்ஜ் ஜோசப்பைத் தெரியாமல் இருக்காது. செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறிஸ்தவர், மதுரையில் பாரிஸ்டர். குற்றப்பரம்பரைச் சட்டத்தால் நசுக்கப்பட்ட கள்ளர் சமூகத்துக்காக நீதிமன்றத்தில் நின்றார். அந்த மக்கள் அவரை "ரோசாப்பூ துரை" என்று அழைத்தார்கள். 1924இல் வைக்கம் போராட்டத்தில் கைதானார். தன் சபைக்காரர்களுக்கு மட்டும் வாதாடியிருந்தால் அந்தப் பெயர் கிடைத்திருக்காது. "இந்தச் சுயாதீனத்தை நீங்கள் மாம்சத்திற்கேதுவாக அநுசரியாமல், அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்" (கலாத்தியர் 5:13) என்பதைத் தேசத்தின் அளவில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் பெருமையாகச் சொல்லலாம். வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா, கிறிஸ்தவர்கள் மட்டும் வாக்களிக்கும் தனித் தொகுதி வேண்டாம் என்று வாதாடினார். அரசியல் நிர்ணய சபையில் துணைத் தலைவராக இருந்த எச்.சி. முகர்ஜியும், சென்னையிலிருந்து சென்ற இயேசு சபைக் குரு ஜெரோம் டி'சோசாவும் சிறுபான்மையினருக்கான சட்டமன்ற இட ஒதுக்கீட்டைக் கைவிட ஆதரவு தந்தார்கள். தனிக் கதவு கேட்காமல் எல்லாரும் நுழையும் வாசல் வழியே வர அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

வீடு தேடி வந்து ஓட்டுக்குப் பணம் கொடுத்தார்கள். மறுத்தால் பகையாகும் என்று வாங்கி, அப்படியே காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டேன். சரிதானே?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

சகோதரி, உங்கள் தயக்கம் புரிகிறது. வீட்டு வாசலில் நிற்கிறவர் தெருக்காரராகவே இருப்பார், மறுநாளும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். ஆனாலும் சரியல்ல. யூதாஸ் திரும்பக் கொண்டுவந்த வெள்ளிக்காசைப் பிரதான ஆசாரியரே காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்றார்கள் (மத்தேயு 27:6). சட்டப்படியும் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு.

வாசலில் சொல்வதற்கு ஒரு வரியை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். "எங்க வீட்ல யாருகிட்டயும் வாங்குறதில்லண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க." எல்லாக் கட்சிக்கும் இதே வரி. ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் மறுத்தால்தான் பகை. தேர்தல் அறிவித்த பிறகு தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகார் செய்யலாம், பெயர் சொல்லாமலும் செய்யலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பதே அதன் ஏற்பாடு. படமோ வீடியோவோ அந்தச் செயலிக்குள்ளேயே அந்த இடத்திலேயே எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை ஏற்ற முடியாது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு, பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பி வருவது. வாக்காளர் அட்டை கையில் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். பட்டியலில் பெயர் இருந்தால் அட்டை தொலைந்திருந்தாலும் ஆதார் போன்ற வேறு அடையாளத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம். பெயர் இல்லையென்றால் அட்டையால் பயனில்லை. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றம், திருத்தம் என்றால் படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 நிரம்புகிறவர்கள் சேரலாம்; 17 முடிந்ததுமே முன்விண்ணப்பம் போடலாம். திடப்படுத்தல் வகுப்பு (சபையின் முழு உறுப்பினராவதற்கான வகுப்பு) முடிக்கும் பிள்ளைகளிடம் கையோடு படிவம் 6ஐக் கொடுக்கும் வழக்கம் வந்தால் நல்லது. வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் ஏறாது. உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்திருந்தால் சண்டை போட்டுத் திரும்பாதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் "டெண்டர்டு வோட்டு" கேளுங்கள். தனி வாக்குச்சீட்டு தருவார்.

பிரசங்கத்தில் இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று குருவானவர் சொல்லலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

கூடாது. மதத்தின் பேரால் வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)இன்படி முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆலய வளாகத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகத் தடுக்கிறது. ஐந்தாண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. வாக்களிக்கப் போங்கள், பணம் வாங்காதீர்கள், வேட்பாளர்கள் தாக்கல் செய்த படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் அவர்கள் மீதுள்ள வழக்குகளையும் சொத்துகளையும் வீட்டில் உட்கார்ந்து வாசியுங்கள் என்று குருவானவர் சொல்லலாம். அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பட்டா மாற்ற 8,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். கட்டாயத்தினால் கொடுப்பதும் பாவமா?
– வாசகர், விருத்தாசலம்

பரிதானம் (லஞ்சம்) "பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும்" என்கிறது யாத்திராகமம் 23:8. பிடுங்கப்படுகிற உங்களையும் பிடுங்குகிறவரையும் வேதம் ஒரே தட்டில் வைக்கிறது என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுத்தவருக்கும் ஏழாண்டு வரை தண்டனை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பலாம்.

பணம் கொடுக்காமல் நகர்த்த முதல் வழி காகிதம். விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். காலம் கடந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு: பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில். கேள்வியைக் கேட்கும் விதத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். "ஏன் தாமதம்?" என்று எழுதினால், கருத்துக் கேட்கிறீர்கள், தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: "எனது இன்ன எண் விண்ணப்பம் எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது? அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகலைத் தரவும்." 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மேல்முறையீடு வரை போகாமலே கோப்பு நகர்ந்துவிடுவதும் உண்டு. எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று எழுதிக் கையெழுத்திட யாருக்கும் மனம் வராது.

இரண்டாவது வழி லஞ்ச ஒழிப்புத்துறை. புகாரை எழுதிக் கொடுத்தால், நோட்டு எண்களைக் குறித்து, பினாப்தலின் பொடி தடவித் திருப்பித் தருவார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாகும். அவர் வாய்விட்டுக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். நீங்களாக நீட்டினால் வழக்கு நிற்காது. பணம் அவர் சட்டைப்பையில் இருந்தது என்பது மட்டும் போதாது, கேட்டதும் வாங்கியதும் இரண்டுமே நிரூபணம் ஆக வேண்டும். பல வழக்குகள் உடைவது பிறகுதான். ஆண்டுகள் கழித்து விசாரணை வரும்போது ஊர்ப்பெரியவர்கள் சமரசம் பேச, புகார்தாரர் பிறழ் சாட்சியாகிவிடுகிறார். அந்தக் கூண்டில் ஏறும்போது பொய்சாட்சி சொல்லாதே என்ற ஒன்பதாம் கற்பனை நினைவில் இருக்கட்டும். சபையும் அன்று அவரோடு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தனியாக விட்டால் எவருக்கும் தைரியம் தங்காது.

நாங்கள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். பிள்ளையின் சான்றிதழில் "இந்து ஆதிதிராவிடர்" என்றுதான் இருக்கிறது. ஞானஸ்நானம் எடுத்தாயிற்று. உள்ளே குத்துகிறது.
– ஊர் வேண்டாம்

இந்தக் கடிதத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தோம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் இனத்தவர் என்ற நிலையை மதத்தோடு கட்டியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் அவிழவில்லை. சுதந்திர தினத்துக்கு ஐந்து நாள் முன்பு வரும் அந்தத் தேதியைத் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாக அனுசரிப்பது இதனால்தான். மதம் மாறினாலும் சேரி மாறவில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனிப்பகுதி வைத்த சபைகள் நம்முடையவை. அந்தப் பாவத்தை அறிக்கையிடாமல் உங்களுக்கு உண்மையைப் போதிக்க எங்களுக்கு வாய் இல்லை.

இருந்தாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறோம். கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு, சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. சான்றிதழ் ரத்தானால் அதைக் காட்டிப் பெற்ற வேலையும் இடமும் ஆட்டம் காணும். தமிழ்நாட்டில் பட்டியல் இனத்திலிருந்து கிறிஸ்தவரானவர்கள், எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அந்தச் சான்றிதழ் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும். 12ஆம் வகுப்புக்கு முன்பே வட்டாட்சியரிடம் மாற்றுவது எளிது. வேலைக்குச் சேர்ந்த பிறகு மாற்றுவது பெரும் சிக்கல். ஏற்கெனவே பயன் பெற்றிருந்தால், எதையும் எழுதிக் கொடுக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். 15ஆம் சங்கீதம் சொல்கிற "தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்ற வார்த்தையின் முழு விலையை உங்களைப் போன்றவர்கள்தான் கொடுக்கிறீர்கள்.

நஷ்டத்தை ஒரு குடும்பம் மட்டும் சுமக்கவும் கூடாது. 1950 ஆணையை எதிர்த்த வழக்கு 2004இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், பட்டியல் இன நிலையைக் கிறிஸ்தவர்களுக்கும் தரக் கோரித் தீர்மானம் போட்டது. பாதிக்கப்படாத கிறிஸ்தவர்கள் உரத்துப் பேச வேண்டிய விஷயம் இது. "திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" (நீதிமொழிகள் 31:8) என்ற கட்டளை அவர்களுக்குத்தான்.

கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டில் (வீடுவீடாகப் பாடிப் போகும்போது) ஒலிபெருக்கி வைக்க இரவில் அனுமதி உண்டா? காணிக்கைக்கு வரிவிலக்கு உண்டா?
– இரு வாசகர்கள், சென்னை

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்திலும் எழுத்துமூல அனுமதி வேண்டும். மாநில அரசு சில பண்டிகை நாள்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்தலாம். அறிவிப்பு இருக்கிறதா என்று காவல் நிலையத்தில் கேளுங்கள். வாய்ப்பாட்டும் ஒரு கிட்டாரும் போதும் என்பது எங்கள் எண்ணம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் உடம்புக்கு முடியாதவரும் பக்கத்து வீட்டில் இருப்பார்கள்.

முழுக்க மதப் பணிக்கான சபைக்குத் தரும் காணிக்கைக்கும் தசமபாகத்துக்கும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு), வருமான வரியில் 80ஜி என்று சொல்லிப் பழகிய விலக்கு பொதுவாகக் கிடையாது. அனுமதி பெற்ற மருத்துவமனை, அனாதை இல்லம் போன்ற பொதுத்தொண்டு அறக்கட்டளைக்குக் கொடுத்தால், பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கணக்கில் வராது. கமிஷனுக்கு நன்கொடை ரசீது விற்கிறவர்களிடம் போகாதீர்கள். "வரியைச் செலுத்தவேண்டியதோ அவனுக்கு வரியையும்" என்பது ரோமர் 13இல்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 15 அன்று எங்கள் சபையில் காலை முதல் மாலை வரை தேசத்துக்காக உபவாச ஜெபம். அதே நாள் 11 மணிக்குக் கிராம சபை. எதற்குப் போவது?
– வாசகி, தென்காசி மாவட்டம்

இரண்டுக்கும் போகலாம், சபை கொஞ்சம் இடம் கொடுத்தால். 1 தீமோத்தேயு 2 "அதிகாரமுள்ள யாவருக்காகவும்" ஜெபிக்கச் சொல்கிறது. நம் ஜெபமோ பிரதமர், முதல்வர் என்று இரண்டு பெயரோடு முடிந்துவிடுகிறது. ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், சத்துணவு அமைப்பாளர், ஊரைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் ஆகியோரைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். இந்த வருஷம் ஊரில் தீராத மூன்று காரியங்களைக் குறித்து ஜெபியுங்கள்: எரியாத தெருவிளக்கு, வராத குடிநீர், மூடிக் கிடக்கும் நூலகம் என்று எதுவானாலும்.

பிறகு அந்த மூன்றையும் ஆளுக்கொரு மனுவாக எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாரும் உறுப்பினர். வாயால் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறாமல் போய்விடும். எழுத்தில் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் மேலே தீர்மானம் எழுதியிருக்கிறதா, வெறும் தாளா என்று பாருங்கள். வரவு செலவு வாசிக்காமல் கூட்டத்தை முடிக்கப் பார்த்தால், வாசிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் சபையார் மட்டும் ஒரு பக்கமாக உட்கார வேண்டாம். தெருக்காரர்களோடு கலந்து உட்காருங்கள்.

குருவானவரிடம் சொல்லி ஜெபத்தின் முதல் பகுதியைப் பத்தரை மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். மீதியை மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கினால், கூட்டத்தில் நடந்ததையும் சேர்த்து ஜெபிக்கலாம்.